முளையில் கிடந்த கயிறு

மாலை ஐந்தே முக்கால். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கால்வாய்க் கரையோரமாக ஒற்றையடிப் பாதை... ஆள் இல்லை, விளக்கு இல்லை, ஒரு நாய்கூட இல்லை. தண்ணீரில் ஒரே ஒரு படகு மட்டும் டுபு டுபு டுபு என்று போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது ஒருத்தர் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், அப்புறம் "துணைக்கு வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தால் நான் வரமாட்டேன். சொல்லிவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கிற பெயிண்டர் இருக்கிறானே, அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. பெயிண்டர் பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்கிற அளவுக்கு அவனுக்குக் கற்பனை கிடையாது.

அந்த மனிதர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் எக்ஸ்பிரஸ். காத்திருப்பது என்றாலே அவருக்கு உடம்பெல்லாம் எரியும். பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் லிஃப்ட் ஒரே வேகத்தில்தான் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தான் நிற்கும்போது மட்டும் எட்டுத் தடவை அமுக்குவார். அப்படிப்பட்ட ஆளை அவர் மனைவி லீவுக்குக் கூட்டிப்போன இடம் எது தெரியுமா? மனிதன் நடக்கிற வேகத்தில் போகிற வாடகைப் படகு! தையல் கடை வைத்திருப்பவள் அவள். வாய் கொஞ்சம் நீளம். "ஒரு வாரம் உங்களை மெதுவா வாழ வைக்கிறேன் பாருங்க" என்று சொல்லித்தான் படகில் ஏற்றினாள். கூடவே ஏழு வயசு மகள்.

ஏறிய நேரமே சரியில்லை. முதல் நாள் எஞ்சின் கிளம்பவில்லை, மதியம் வரைக்கும் கட்டிய இடத்திலேயே கிடந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு லாக்கில் கதவு மாட்டிக்கொண்டு, ஐந்து மணி நேரம் நான்கு படகுக்குப் பின்னால் நின்றார்கள். லாக் என்றால் வீட்டுப் பூட்டு இல்லை. கால்வாய் மேட்டில் ஏற வேண்டிய இடத்தில் கட்டியிருக்கும் பெரிய தொட்டி. கீழ்ப்பக்கம் ஒரு கதவு, மேல்பக்கம் ஒரு கதவு. படகு உள்ளே போனதும் பின் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பினால், படகு தண்ணீரோடு மேலே ஏறும். அப்புறம் முன் கதவைத் திறந்து போய்விடலாம். "தண்ணியில ஓடுற லிஃப்ட்டுப்பா" என்று மகளுக்கு விளக்கினார் நம்ம ஆள். நிரம்ப இருபது நிமிஷம் ஆகும் என்றதும் முகம் செத்துவிட்டது. மூன்றாம் நாள் எங்கிருந்தோ மிதந்து வந்த போர்வை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எக்ஸ்பிரஸ் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி எடுத்தார். பக்கத்தில் அவர் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தாள்.

"லீவுக்குத்தானே வந்தோம். இதுவும் லீவுதான்" என்றாள்.

அதற்கு அவர் சொன்ன வார்த்தையைப் பெயிண்டர் எனக்குச் சொன்னான், நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

படகு கொடுத்த ஆள் ஒன்றே ஒன்றை மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு லாக்குக்கும் கீழே கரையில் ஓர் இரும்பு முளை இருக்கும். காத்திருக்கிற படகு அதில்தான் கயிற்றைப் போட வேண்டும். யார் கயிறு முதலில் விழுந்திருக்கிறதோ அவர்களுக்குத்தான் முதல் முறை. "ஆளே தெரியலைன்னாலும் மூணு தடவை கூப்பிடுங்க சார். கூப்பிட்டுட்டு நில்லுங்க. அடுத்தவங்க கயித்தை மட்டும் தொட்டுடாதீங்க. இந்தக் கால்வாய்ல அது ஒண்ணுதான் சட்டம்."

எக்ஸ்பிரஸ் தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கு என்ன, காசா பணமா?

நான்காம் நாள் மத்தியானம் மகளுக்குக் காய்ச்சல். முதலில் லேசாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குத் தொட்டால் கை சுட்டது. ஐந்து மணிக்கு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்... கண் பாதி திறந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். படகுக்காரருக்குப் போன் போட்டார்கள்.

"அங்க கார் வர்ற ரோடே கிடையாது சார். படகுலயே வந்துடுங்க. மூணு லாக், ரெண்டரை மணி நேரம். படித்துறைக்கு நேர் எதிர்லயே ஆஸ்பத்திரி. ஒன்பது மணி வரைக்கும் டாக்டரம்மா இருப்பாங்க. அதுக்கப்புறம் காலையிலதான்."

ஒன்பது மணி. அதைத் தவிர வேறு எதுவும் அவர் மண்டையில் நிற்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். மழை விட்ட இடத்தில் மூடுபனி இறங்க ஆரம்பித்தது. பத்தடிக்கு அப்பால் தண்ணீர் எது, கரை எது என்று தெரியவில்லை. அவர் பின்னால் நின்று சுக்கானைப் பிடித்திருந்தார். அவள் உள்ளே மகளை மடியில் போட்டு, ஈரத்துணியை மாற்றி மாற்றி நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சண்டைகூடப் போடவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள், எவ்வளவு பயந்திருந்தார்கள் என்று.

ஆறு பத்துக்கு முதல் லாக்.

முளையில் ஒரு கயிறு கிடந்தது.

மறுமுனையில் ஒரு படகு... மரப் படகு, கறுப்பாக. விளக்கு இல்லை. ஜன்னலில் திரை. லாக் கதவுக்கு முன்னால் குறுக்கே கிடந்தது, அதைத் தாண்டி இவர் படகு போக வழியில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையில் குதித்தார். கூப்பிட வேண்டும், மூன்று தடவை. வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஏன் என்றால், கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வந்தால் அவர்கள் முறை. அவர்கள் ஏறி, தொட்டியைத் திரும்பக் காலி செய்து, இவர் ஏறுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். பார்த்தால் ஆள் இருக்கிற படகு மாதிரியும் தெரியவில்லை. பலகையெல்லாம் பாசி. யாரோ விட்டுவிட்டுப் போன படகுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குனிந்தார்.

கயிறு சில்லென்று இருந்தது. கனம் என்றால் கனம். எதிர்முனையில் யாரோ பிடித்து இழுப்பது போல முடிச்சு இறுகியிருந்தது. நகம் பெயர அதை அவிழ்த்து, முளையிலிருந்து தூக்கிக் கீழே போட்டார்.

கறுப்புப் படகு மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. சத்தமே இல்லை. தண்ணீர்கூடச் சலசலக்கவில்லை. அவர் நின்ற இடத்தைக் கடந்தபோது, கையெட்டும் தூரத்தில்... அந்த ஜன்னலில் வெளிச்சம் வந்தது. மஞ்சள் வெளிச்சம். மண்ணெண்ணெய் வாடை, நாள்பட்ட ஈரத் துணி வாடை. அப்புறம் ஒரு பெண்ணின் குரல். அழுகை இல்லை, கத்தல் இல்லை. ரொம்பக் களைத்த குரல்.

"ஏங்க... வெளியில யாராச்சும் இருக்கீங்களா? குழந்தைக்கு முடியலைங்க..."

அவர் காலடியில் அந்தக் கயிறு ஈர மண்ணில் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. குனிந்தால் பிடித்துவிடலாம். ஓர் அடி... இரண்டடி... மூன்றடி. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். 'என்னுதும் குழந்தைதானே' என்று மனசுக்குள் சொன்னார். கயிற்றின் நுனி கரையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. ப்ளக்.

படகு பனிக்குள் போய்விட்டது.

"யாருங்க பேசுறது?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"யாருமில்ல."

பெயிண்டர் சொன்னான், அத்தான் இதை அக்காவிடம் ஒத்துக்கொள்ளவே ஒரு வருஷம் ஆனதாம்.

படகை உள்ளே விட்டு, பின் கதவைச் சாத்தி, இரும்புக் கைப்பிடியைச் சுற்றித் தண்ணீரைத் திறந்தார். நான்கு பக்கமும் பாசி பிடித்த சுவர், மேலே ஒரு துண்டு வானம். தண்ணீர் கொதிப்பது போல் பொங்கி ஏற ஏறப் படகு ஏறியது. அப்போது பின் கதவில்... டொக்.

மரத்தில் மரம் இடிக்கும் சத்தம்.

காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது. அவிழ்த்த படகு காற்றோடு விலகித்தான் போக வேண்டும். இந்தப் பக்கம் வராது, வரவே முடியாது. அவர் மெக்கானிக், அவருக்குத் தெரியும். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். கதவைத் தட்டிவிட்டு, யாராவது திறப்பார்களா என்று நின்று பார்ப்பது போல இருந்தது. மேல்கதவு திறந்ததுதான் தாமதம், எஞ்சினை முழு வேகத்தில் விட்டார்.

ஆறு ஐம்பதுக்கு இரண்டாவது லாக்.

முளையில் கயிறு கிடந்தது.

அதே கயிறு. அதே முடிச்சு. அவர் நகம் பெயர்ந்த ரத்தம்கூட ஒரு புரியில் ஒட்டியிருந்தது. ஆனால் படகு இல்லை. கயிறு முளையிலிருந்து கரையைத் தாண்டி நேராகக் கீழே... தண்ணீருக்குள் போனது. விறைப்பாக. அடியில் பெரிய கனம் தொங்குவது போல மெதுவாக அதிர்ந்துகொண்டிருந்தது.

மேலே ஏறிப் பார்த்தார். தொட்டி நிரம்பியிருந்தது. தண்ணீரைத் திறக்கிற பல்சக்கரத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் ஏறிப் போயிருக்கிறார்கள். இவரைத் தாண்டி ஒரு படகும் போகவில்லையே!

எக்ஸ்பிரஸ் ஓடி வந்து முளைக்குப் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை கூப்பிட்டார். "ஐயா... அம்மா... யாருங்க அங்க?" ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

மனைவி வெளியே வந்தாள். "நூத்து நாலு ஏறிடுச்சு! ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"கயிறு இருக்கு."

"படகு எங்க?"

"படகு இல்ல."

"உங்களுக்கும் காய்ச்சலா? கொழந்தை அங்க கெடந்து துடிக்குது, நீங்க கயித்துக்குக் காவல் நிக்கிறீங்களா? நகருங்க, நான் அவுக்கிறேன்!"

அவள் கையை அவர் எட்டிப் பிடித்தார். பதினோரு வருஷத்தில் அவ்வளவு அழுத்திப் பிடித்ததே இல்லை என்று அவள் பிற்பாடு சொன்னாள். "தொடாத. உன் கால்ல விழுறேன், தொடாத."

நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். உள்ளே மகள் முனகினாள். அவள் திட்டினாள், அழுதாள், திரும்பத் திட்டினாள். அவர் நின்றார். அப்புறம் அந்தக் கயிறு... தானாகத் தளர்ந்தது. முடிச்சு நெகிழ்ந்து, முளையிலிருந்து நழுவி, மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிப்போனது. அவள் அதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் திட்டவில்லை.

தொட்டியைக் காலி செய்ய இருபது நிமிஷம். நிரப்ப இருபது நிமிஷம். மூன்றாவது லாக்கிலும் அதேதான். கயிறு, காத்திருப்பு, நிரம்பிய தொட்டி. அங்கே கதவின் மேல் நடந்து போகிற பலகை ஒன்று உண்டு. அதில் ஈரக் காலடிகள் இருந்தன. செருப்பில்லாத சின்னக் கால், பெண்பிள்ளைக் கால். இடது கால் மட்டும் அழுந்தப் பதிந்திருந்தது... இடது பக்கம் இடுப்பில் எதையோ சுமந்து போகிறவளுக்குப் பதிவது போல.

எட்டு ஐம்பத்தைந்துக்குப் படித்துறை.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு முன்னறை, சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு, ட்யூப்லைட், டெட்டால் வாடை. மேஜையில் நர்ஸ். உள்ளே டாக்டரம்மாவின் அறை, கதவு சாத்தியிருந்தது.

"கொழந்தைக்கு ரொம்பக் காய்ச்சல் சிஸ்டர், உடனே பார்க்கணும்."

நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். "ஐயையோ, கொதிக்குதே. உட்காருங்க, இதோ கூப்பிட்டுடுவாங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க இருக்காங்க."

பெஞ்சில் யாரும் இல்லை.

"யாரு?" என்றாள் மனைவி.

"அதோ, கைக்குழந்தையோட..." நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தானே இங்க இருந்தாங்க?"

பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம். விளிம்பிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டெட்டாலைத் தாண்டி மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"காலியாத்தானே இருக்கு, நாங்க போறோம்" என்று மனைவி கதவை நோக்கி நடந்தாள். எக்ஸ்பிரஸ் அவள் முன்னால் போய் நின்றார். தோளில் மகள் அனலாகக் கிடந்தாள். அந்தச் சூடு சட்டையைத் தாண்டி அவருக்குச் சுட்டது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"அவங்க போகட்டும்" என்றார். "முதல்ல அவங்க போகட்டும்."

டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்தது. ஓர் ஆள் உள்ளே போகிற நேரம் திறந்தே இருந்தது. அப்புறம் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "எத்தனை நாளா இருக்கு?" பதில் இல்லை. "பால் குடிக்குதா?" பதில் இல்லை. "துணியை எடும்மா, பார்க்கலாம்." அப்புறம் அந்தக் குரலும் தாழ்ந்துவிட்டது, என்ன சொல்கிறாள் என்று வெளியில் விளங்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் டக், டக். எட்டு நிமிஷம். எட்டு வினாடி பொறுக்காத மனிதர் எட்டு நிமிஷம் நின்றார், மகளின் மூச்சை எண்ணிக்கொண்டு.

கதவு திறந்தது. "அடுத்தது வாங்க."

மகளைப் பரிசோதனைக் கட்டிலில் கிடத்தப் போனார். விரிப்பின் நடுவில் முழ நீளத்துக்கு ஈரம். டாக்டரம்மா விரிப்பை மாற்றினாள். ஊசி போட்டாள், மருந்து கொடுத்தாள், உடம்பெல்லாம் துடைத்தாள். கால் மணி நேரத்தில் மகளுக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து "அம்மா, தண்ணி" என்றாள். மனைவி சுவரில் சாய்ந்து சத்தமாக அழுதாள். பிழைத்துவிட்டது, பயப்படாதீர்கள். பிள்ளை பிழைத்துவிட்டது.

எக்ஸ்பிரஸ் மெதுவாகக் கேட்டார். "டாக்டரம்மா... எங்களுக்கு முன்னாடி வந்தவங்க?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். அவள் முகமும் சரியாக இல்லை. "ஒண்ணும் செய்ய முடியலைங்க. கொண்டு வரும்போதே முடிஞ்சிருச்சு. ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது... வாய் தவறிடுச்சு."

"அழுதாங்களா?"

"இல்ல. அழவே இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. வெளியில காத்திருக்குதே ஒரு பொண்ணு, அது ராத்திரி தனியாத் தூங்குமான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதும்மான்னேன்."

அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்து வயது. இந்த மூன்று வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அவளைத் தனியாகப் படுக்க விட்டதில்லை. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா, நடுவில் அவள். அறைக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். விளக்கை அணைப்பதில்லை. அவரும் மாறிவிட்டார். கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாகத்தான் போவார். எக்ஸ்பிரஸ் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வருஷமாக ஒன்றுமே நடக்கவில்லை. சரி, அந்தக் கறுப்புப் படகுக்காரி விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று இரண்டு பேரும் கொஞ்சம் தைரியமாக மூச்சுவிட ஆரம்பித்திருந்தார்கள்.

போன மாசம் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் மகள் அவர் தோளைத் தட்டினாளாம்.

"அப்பா, கொஞ்சம் தள்ளிப் படுப்பா. இவங்களுக்கு இடம் பத்தல."